வாசகர் கேள்வி–பதில்: மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம்?

செயற்கை நுண்ணறிவும் (ஏ.ஐ.) வேலைவாய்ப்பும் குறித்து வந்த கடிதங்களில் ஒன்பதுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் விரிவாக எழுதியவரின் கடிதம் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. நீளமான கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்விக் கடன் வாங்கித்தான் சேர்த்தோம். சேர்க்கும்போது, கேம்பஸ் இன்டர்வியூவில் வகுப்பில் பெரும்பாலோருக்கு வேலை கிடைத்துவிடும் என்றார்கள். இந்த ஆண்டு கல்லூரிக்கு வந்த கம்பெனிகளே குறைவு. ஏ.ஐ. வந்துவிட்டதால் இனி இந்தப் படிப்புக்கு மதிப்பில்லை என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
— ஒரு தாய், பவானி

உறவினர்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அந்தப் பங்கு எது என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பயமும் அதற்கேற்ற அளவுக்குக் குறையும்.

முதலில் காலவரிசையைக் கவனியுங்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்புதான், கொரோனாவால் உலகமே இணையத்தை நம்பி இயங்கத் தொடங்கிய 2021, 2022 ஆண்டுகளில், நம் ஐ.டி. நிறுவனங்கள் தேவைக்கு மேல் ஆட்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் 2022-இல் வட்டி விகிதம் மளமளவென்று உயர்த்தப்பட்டதும், அங்குள்ள வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள். ஆகவே இன்றைய கேம்பஸ் வறட்சியின் மொத்தப் பழியையும் இயந்திரத்தின் தலையில் போடுவது சரியாகாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோதும், ஏ.ஐ. தரும் வேகம் இதற்குக் காரணம் என்று அதன் தலைமை சொல்லவில்லை; திறன் பொருத்தமின்மையைத்தான் காரணமாகக் காட்டியது. அந்தக் குறைப்பில் பெரிதும் சிக்கியவர்கள் நடுநிலை, மேல்நிலை ஊழியர்களே.

ஆனாலும் இளைஞர்களைப் பொறுத்தவரை அலட்சியப்படுத்த முடியாத ஒரு சான்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பிரின்யோல்ஃப்சனும் அவருடைய சகாக்களும், ஏ.டி.பி. என்ற பெரிய சம்பளப் பட்டியல் நிறுவனத்தின் அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்து 2025 ஆகஸ்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஏ.ஐ.யால் அதிகம் தொடப்படும் தொழில்களில் 22 முதல் 25 வயது வரையுள்ளவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிடும்போது, 2022-இன் இறுதிக்குப் பிறகு 13 சதவீதம் சரிந்திருக்கிறது. அதே தொழில்களில் வயதில் மூத்தவர்களின் வேலைவாய்ப்பு நிலையாகவோ வளர்ந்தோ இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர் முதல் ஆண்டில் செய்யும் வேலை என்ன என்று பார்த்தால் இதன் காரணம் விளங்கும். பயிற்சி முடிந்ததும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புராஜெக்டில் போடுவார்கள். அமெரிக்க வங்கி ஒன்றின் மென்பொருள் தேதியைத் தவறாகக் காட்டுகிறது என்று ஒரு டிக்கெட், அதாவது பழுதுப் புகார், வரும். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். யாரோ எழுதிய நிரலுக்கு டெஸ்ட் கேஸ் (சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை) எழுத வேண்டும், பழைய நிரலுக்கு விளக்கக் குறிப்பு எழுத வேண்டும். எழுதியதை டீம் லீட் பார்த்து, "இன்றைக்கு ஓடும், மாதக் கடைசியில் உடையும்" என்று திருப்பி அனுப்புவார். இப்படித் திருப்பி அனுப்பப்பட்டுத்தான் இரண்டு மூன்று ஆண்டுகளில் தொழில் கைவருகிறது. இப்போது அந்த டிக்கெட்டை டீம் லீடே இயந்திரத்திடம் கொடுத்துச் சில நிமிடங்களில் முடித்துவிட முடிகிறது. வாடிக்கையாளரும் சும்மா இருப்பதில்லை. இயந்திரம் பாதி வேலையைச் செய்தால் பில்லிலும் பாதியைக் குறை என்கிறார். ஆள்கணக்கிலும் மணிக்கணக்கிலும் பில் போட்டு வளர்ந்த ஒரு தொழிலுக்கு இது அடிமடியில் கை வைக்கும் பேச்சு. நிறுவனம் உடனே குறைக்கக்கூடியது புதிதாக எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையைத்தான். வெளியே நிற்பவரை உள்ளே விடாமல் இருப்பதற்கு நோட்டீஸும் வேண்டாம், இழப்பீடும் வேண்டாம்.

பத்து ஆண்டுகள் கழித்து அந்த டீம் லீட் எங்கிருந்து வருவார் என்பதை எந்த நிறுவனமும் தன் கவலையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பக்கத்து நிறுவனம் பயிற்சி கொடுக்கட்டும், நாம் தயாரான ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்றே ஒவ்வொருவரும் கணக்குப் போடுகிறார்கள். இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதியவர்களின் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக மூன்றரை லட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், அது ஏ.ஐ. வருவதற்கு முன்பிருந்தே தேய்ந்துவந்த சம்பளம். வாசலில் வரிசை நீளமாக இருந்ததே அதற்குக் காரணம்.

மகன் படிப்பை மாற்ற வேண்டாம். ஆனால், இயந்திரம் எழுதித் தரும் நிரலில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அடிப்படையைக் கற்கச் சொல்லுங்கள். 2025-இல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு அனுபவமுள்ள 16 மென்பொருளாளர்களை வைத்துச் செய்த சோதனையில், ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு வேலை முடிய 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீத நேரம் மிச்சமானதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். கூடவே வங்கி, நூற்பாலை, மருத்துவமனை என்று ஏதாவது ஒரு துறையின் நடைமுறையையும் அவர் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் ஊர்ப் பக்கம் ஜமக்காளம், ஏற்றுமதி, சாயப்பட்டறை என்று கணக்கு வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றுக்கு, ஒரு முதலாளி அன்றாடம் பயன்படுத்தும்படியான சிறு மென்பொருளைச் செய்து, ஓராண்டு பழுது பார்த்து ஓட வைத்த அனுபவம் எந்தச் சான்றிதழையும்விட இன்று நன்றாகப் பேசும்.

கேள்வி: வங்கிகளில் கம்ப்யூட்டர் வரக்கூடாது என்று 1980-களில் கொடி பிடித்தவர்களில் அடியேனும் ஒருவன். வேலையெல்லாம் போய்விடும் என்றார்கள். ஒன்றும் ஆகவில்லை, நானே இன்று பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஏ.ஐ. பூச்சாண்டியும் அப்படித்தானே?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

ஐயா, ஒன்றும் ஆகவில்லை என்பது தங்களைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. தாங்கள் பிடித்த அந்தக் கொடிக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

அந்த நாளைய கவுண்டரைத் தாங்கள் அறிவீர்கள். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பணம் எடுக்க வந்தவர் செக்கைக் கொடுத்தால் ஒரு பித்தளை டோக்கன் தருவார்கள். செக் லெட்ஜர் கிளார்க்கிடம் போகும். அவர் கனத்த லெட்ஜரைப் புரட்டி, பற்று எழுதி, மீதியைக் கழித்துப் போடுவார். அதிகாரி கையெழுத்தைச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் வைப்பார். பிறகுதான் கேஷியர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். அரையாண்டு வட்டியைக் கையால் கணக்கிட்டு முடிக்க ஊழியர்கள் இரவு வெகு நேரம் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வேலைகளில் ஏறக்குறைய எதுவும் இன்று இல்லை.

ஆட்கள் மட்டும் எப்படித் தப்பினார்கள்? 1984-இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு இயந்திரமயமாக்கலுக்கு வழி வகுத்தது. தொழிற்சங்கங்களும் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் 1980-களிலும், பிறகு 1993-இலும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கம்ப்யூட்டர் பேச்சுவார்த்தையின் வழியாகப் படிப்படியாக வந்ததால், உள்ளே இருந்தவர்கள் வேலையை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. ஆனால் அதன் பிறகு பல ஆண்டுகள் பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் வேலைக்கு ஆள் எடுப்பது ஏறத்தாழ நின்றுபோனது. 2000–01-இல் வந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். தாங்கள் பணியில் சேர்ந்த அதே தகுதியோடு 1990-களின் இறுதியில் பட்டம் பெற்ற ஒருவருக்கு, தங்களுக்குத் திறந்திருந்த கதவு மூடியிருந்தது. அவர் எந்த ஊர்வலத்திலும் வரவில்லை, எந்த வேலைநீக்கக் கணக்கிலும் இல்லை. பவானி வாசகிக்கு எழுதிய பதிலில் சொன்னதும் இதுதான்: புதிய இயந்திரத்தின் செலவு பெரும்பாலும் இன்னும் வேலைக்குச் சேராதவர் தலையில்தான் விழுகிறது.

ஏ.டி.எம். பற்றியும் ஒரு வரி. 1967-இல் லண்டன் அருகே என்ஃபீல்டில் வைக்கப்பட்ட முதல் இயந்திரத்தை உருவாக்கியவராக அறியப்படும் ஜான் ஷெப்பர்ட்-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். அந்த இயந்திரம் அமெரிக்கா முழுவதும் பரவிய பிறகும் அங்கே வங்கிக் காசாளர்களின் எண்ணிக்கை வெகுகாலம் குறையவில்லை என்று ஜேம்ஸ் பெஸன் என்ற பொருளாதார ஆய்வாளர் காட்டினார். ஒரு கிளைக்குத் தேவையான ஆட்கள் குறைந்ததால் கிளை திறக்கும் செலவு குறைந்து, கிளைகள் பெருகின. இந்த உதாரணத்தை மேடைதோறும் சொல்கிறவர்கள், கைபேசி வங்கிச் சேவை வந்த பிறகு கிளைகளும் காசாளர்களும் சேர்ந்தே குறைந்த பிற்பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஏ.ஐ.யால் பாதிக்கப்படாத படிப்பு எது? பிளஸ் டூ முடிக்கப்போகிறேன். ஒரு வரியில் பதில் வேண்டும்.
— மாணவி, திருநெல்வேலி

ஒரு வரியில் பதில் சொன்னவர்களில் மிகப் பெரியவரே சறுக்கியிருக்கிறார். இன்றைய ஏ.ஐ.யின் முன்னோடியும் 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை ஜான் ஹாப்ஃபீல்டுடன் பகிர்ந்துகொண்டவருமான ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை உடனே நிறுத்திவிட வேண்டும் என்று 2016-இல் சொன்னார். இயந்திரம் படங்களைப் படிக்கக் கற்றது உண்மை. ஆனால் இன்று பல நாடுகளில் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பற்றாக்குறை. படத்தைப் படிப்பது அவர்கள் செய்யும் பல வேலைகளில் ஒன்றுதான்; எந்த ஸ்கேன் தேவை என்று முடிவெடுப்பதும், அறுவை மருத்துவருடன் பேசுவதும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பதும் மற்ற வேலைகள். ஸ்கேன் எடுப்பது எளிதானதும் எடுக்கப்படும் ஸ்கேன்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. அன்று அவர் பேச்சைக் கேட்டு அந்தத் துறையைத் தவிர்த்த மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்ததில், உங்கள் மதிப்பெண்ணுக்கும் குடும்பத்தின் வசதிக்கும் எட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். கடன் மட்டும் அளவோடு இருக்கட்டும். வழியில் திசை மாற வேண்டியிருந்தால் கடன்தான் காலைக் கட்டும்.

கேள்வி: ஏ.ஐ.யால் உலக உற்பத்தி 7 சதவீதம் உயரும் என்று அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் 2023-இல் கணித்தது. 2024-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேரன் அசெமோக்லு, பத்தாண்டுகளில் அமெரிக்காவின் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் உயர்வு 0.66 சதவீதத்தைத் தாண்டாது என்கிறார். இருவரும் ஒரே இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா? மாணவர்களுக்கு நான் எதைச் சொல்வது?
— வணிகவியல் ஆசிரியர், காரைக்குடி

இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல; ஒன்று மொத்த உற்பத்தி, மற்றது ஆளும் முதலீடும் அப்படியே இருக்கக் கூடுதலாகக் கிடைக்கும் விளைவு. இருந்தாலும் இடைவெளி பெரியதுதான். எத்தனை வேலைகளை இயந்திரத்திடம் கொடுப்பது உண்மையில் இலாபகரமாக இருக்கும் என்ற ஊகத்தில்தான் இருவரும் பெரிதும் பிரிகிறார்கள். அசெமோக்லு அதைக் கஞ்சத்தனமாக மதிப்பிடுகிறார். அடுத்த சில ஆண்டுகளைப் பொறுத்தவரை அவர் பக்கம் சாய்வதே எனக்குச் சரியென்று படுகிறது.

கம்ப்யூட்டர் யுகத்தை எங்கும் காண முடிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணவில்லை என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987-இல் கேலியாகக் குறிப்பிட்டார். அந்தப் புதிருக்குப் பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1990-இல் ஒரு விடை தந்தார். அவர் பார்த்தது கம்ப்யூட்டரை அல்ல, மின்மோட்டாரை. மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், மனதில் நிற்கும்.

எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 1882-இல் இயங்கத் தொடங்கியது. 1900 வாக்கில்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயங்குசக்தியில் மின்மோட்டார்களின் பங்கு 5 சதவீத அளவில்தான் இருந்தது. காரணம், தொழிற்சாலைக் கட்டடமே நீராவி எஞ்சினுக்காகக் கட்டப்பட்டிருந்தது. கீழே ஒரு பெரிய எஞ்சின். அதிலிருந்து கூரையோரமாக ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தோல் பெல்ட் இறங்கும். பழைய அரிசி மில்களில் இந்த அமைப்பைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். ஒரே ஓர் இயந்திரம் ஓட வேண்டுமென்றாலும் தண்டு முழுவதும் சுழல வேண்டும். எந்த இயந்திரம் எங்கே நிற்பது என்பதை வேலையின் வரிசை தீர்மானிக்கவில்லை, தண்டின் தூரம்தான் தீர்மானித்தது. தண்டு குறுகியதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே மாடிக் கட்டடங்களாகக் கட்டினார்கள். பல முதலாளிகள் முதலில் செய்தது, நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்ததுதான். தண்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. இலாபமும் சொல்லும்படி உயரவில்லை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, ஒரே தளத்தில் பரந்த கூடங்கள் கட்டி, கச்சாப் பொருள் ஒரு வாசலில் நுழைந்து சரக்காக மறு வாசலில் வெளிவரும்படி வேலையையே மாற்றி அமைத்த 1920-களில்தான் உற்பத்தித்திறன் பாய்ந்தது. இடையில் நாற்பது ஆண்டுகள்.

இன்று நம் அலுவலகங்களில் நடப்பது பெரும்பாலும் எஞ்சினைக் கழற்றி மோட்டார் வைக்கும் கட்டம்தான். ஒருவர் மூன்று வரிக் குறிப்பை இயந்திரத்திடம் கொடுத்து இரண்டு பக்கக் கடிதமாக்குகிறார். பெறுபவர் அந்த இரண்டு பக்கத்தை இயந்திரத்திடம் கொடுத்து மூன்று வரியாக்கிப் படிக்கிறார். இருவருடைய கணக்கிலும் நேரம் மிச்சம். அந்தக் கடிதமே தேவையா என்று கேட்கும் நிர்வாகம் வரும்போது கோல்ட்மேன் சாக்ஸின் எண்ணைப் பற்றி மறுபடியும் பேசலாம்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைக்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிவந்தேன். இப்போது, "இயந்திரமே மொழிபெயர்த்துவிடுகிறது, நீங்கள் சும்மா சரிபார்த்தால் போதும்" என்று கூறிக் கூலியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். சரிபார்க்கப் பாதி நேரமாவது ஆகிறது. என்ன செய்வது?
— வாசகி, மதுரை

உங்கள் கடிதத்தில் இருக்கும் கணக்கைப் பாருங்கள். நேரம் பாதியானது, கூலி மூன்றில் ஒன்றானது. இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டதோடு, உங்கள் நேரத்திலும் கொஞ்சத்தைப் பதிப்பாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இதைத் தொழில்நுட்பம் செய்யவில்லை. நீங்கள் தனியாள், மறுத்தால் அடுத்தவர் இருக்கிறார் என்ற நிலைமை செய்தது.

ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ நீண்ட காலம் இயந்திரங்களால் எல்லாருக்கும் நன்மையே என்று நினைத்துக்கொண்டிருந்தார். 1821-இல் தம் பொருளாதார நூலின் மூன்றாம் பதிப்பில் இயந்திரங்களைப் பற்றி ஓர் அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்து, இயந்திரம் தங்கள் நலனைக் கெடுக்கும் என்ற தொழிலாளர்களின் கருத்து வெறும் தப்பெண்ணம் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவர் கண்முன்னே இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளர்களின் வருமானம் பாதிக்கும் கீழே சரிந்திருந்தது. அந்நாட்டில் தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கூலி பேசுவதே அப்போது சட்டவிரோதம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு நெருக்கமான இன்னொரு செய்தி உண்டு. வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்துப் பிரின்யோல்ஃப்சன் குழு முன்னர் செய்த ஆய்வில், ஏ.ஐ. உதவியால் வேலை வேகம் சராசரியாக 14 சதவீதமும் புதியவர்களுக்கு 34 சதவீதமும் உயர்ந்தது. கைதேர்ந்தவர்களுக்கு உயர்வு சொற்பம். கைதேர்ந்தவர்கள் அளித்திருந்த நல்ல பதில்களையே இயந்திரம் கற்று மற்றவர்களுக்குச் சொல்லித்தந்தது. அதற்காக அவர்களுக்குத் தனியாக எதுவும் தரப்படவில்லை. இணையத்தில் உள்ள மொழிபெயர்ப்புகளைத் தின்றுதான் மொழிபெயர்ப்பு இயந்திரமும் வளர்ந்தது. நீங்கள் முன்பு செய்தவையும் அதில் இருக்கலாம்.

எதிர்மாறான உதாரணமும் இருக்கிறது. 2023-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து ஸ்டுடியோக்களிடம் ஒப்பந்தம் பெற்றார்கள். அதன்படி, ஏ.ஐ.யைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரை நிர்ப்பந்திக்கக் கூடாது. இயந்திரம் எழுதியதைக் கையில் கொடுத்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். அதைக் காரணம் காட்டி எழுத்தாளரின் உரிமையையும் ஊதியத்தையும் குறைக்கக் கூடாது. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அப்படி ஒன்று இல்லாதது பெரிய குறை.

உடனடியாகச் செய்யக்கூடியது: பக்கக் கணக்கை விட்டுவிட்டு மணிக் கணக்கில் கூலி கேளுங்கள். ஒப்புக்கொள்ளும் முன் மாதிரியாக இரண்டு பக்கம் வாங்கிப் பாருங்கள். திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே எளிது என்றால் அதைச் சொல்லிப் பழைய கூலியையே கேளுங்கள். சட்ட ஆவணம், மருத்துவப் படிவம், பத்திரப்பதிவு போன்றவற்றின் பக்கம் திரும்ப முடியுமானால் நல்லது. நிலப்பத்திரத்தை இயந்திரம் மொழிபெயர்க்கும்போது சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று விடுபட்டாலும் வாக்கியம் கம்பீரமாகவே நிற்கும். வழக்கு வரும்போதுதான் தெரியும். அந்தப் பயம் உள்ள வாடிக்கையாளர் சரிபார்ப்புக்கு ஒழுங்கான கூலி கொடுப்பார்.

கேள்வி: எங்கள் ஊரில் என் தங்கை "டேட்டா" வேலைக்குப் போகிறாள். நாள் முழுவதும் சாலைப் படங்களில் வண்டிகளைச் சுற்றிக் கட்டம் போடுகிறாளாம். இதுவும் ஏ.ஐ. வேலையா?
— வாசகர், நாமக்கல் மாவட்டம்

ஏ.ஐ.யின் அஸ்திவாரமே அந்த வேலைதான். படத்தில் இருப்பது ஆட்டோவா, மாட்டு வண்டியா என்று மனிதர் ஒருவர் ஆயிரக்கணக்கான முறை காட்டித் தந்தால்தான் இயந்திரம் கற்கும். படங்களை அடையாளம் காணும் ஆராய்ச்சியைத் திருப்பிப்போட்ட இமேஜ்நெட் தொகுப்பை, ஃபெய்-ஃபெய் லீ தலைமையிலான குழு 2009-இல் வெளியிட்டது. அதிலுள்ள படங்களுக்குப் பெயரிட்டவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் துண்டு துண்டாகக் கூலி வாங்கி வேலை செய்த பல்லாயிரம் பேர். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. சாட்ஜிபிடி கண்ணியமாகப் பேசுவதற்கு, வன்முறையும் ஆபாசமும் நிறைந்த வாசகங்களைக் கென்யாவில் மணிக்கு 2 டாலருக்கும் குறைந்த கூலியில் படித்துப் பிரித்துக் கொடுத்தார்கள் என்பதை டைம் இதழ் 2023 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தது.

வெயிலில் அலையாமல், ஊரைவிட்டுப் போகாமல் கிடைத்த மாதச் சம்பளம் உங்கள் தங்கைக்குப் பெரிது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எளிய கட்டம் போடும் வேலையை இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது. ஆகவே அந்த நிறுவனத்தில் தரச் சோதனை போன்ற அடுத்த நிலை வேலைக்கு முயல்வது நல்லது.

கேள்வி: சென்னையில் டேட்டா சென்டர்கள் வருவதால் வேலை பெருகுமா?
— வாசகர், அம்பத்தூர்

கட்டும்போது பெருகும். கட்டி முடித்த பிறகு, அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஒப்பிட்டால் சொற்ப ஆட்களே போதும். மீதி இடம் சர்வர்களுக்கும் குளிரூட்டிகளுக்கும். கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால்தான் சென்னையைத் தேடி வருகிறார்கள். உலகின் டேட்டா சென்டர்கள் 2024-இல் சுமார் 415 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணி என்பது நூறு கோடி யூனிட்) மின்சாரத்தைச் செலவிட்டன, உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ 1.5 சதவீதம், 2030-இல் இது ஏறக்குறைய 945 ஆகும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணிப்பு. சலுகை கேட்டு வரும் நிறுவனத்திடம், எத்தனை கோடி முதலீடு என்பதோடு எத்தனை யூனிட் மின்சாரம், எவ்வளவு தண்ணீர், எத்தனை நிரந்தர வேலை என்றும் அரசு கேட்டு வெளியிட வேண்டும்.

கேள்வி: முதியோர் உதவித்தொகை, ரேஷன் போன்றவற்றுக்குத் தகுதியானவர்களைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்தால் இலஞ்சமும் சிபாரிசும் ஒழியுமே. அதை வரவேற்கலாம் அல்லவா?
— ஊராட்சி முன்னாள் உறுப்பினர், திருவாரூர் மாவட்டம்

வரவேற்கும் முன் நெதர்லாந்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க, வரித்துறை ஒரு கணினி மதிப்பீட்டு முறையைப் பயன்படுத்தியது. அது யார் மீது சந்தேகம் என்று மதிப்பெண் போட்டது. வேற்று நாட்டுக் குடியுரிமையும் அந்த மதிப்பெண்ணில் ஒரு காரணியாக இருந்தது. படிவத்தில் சிறு பிழை செய்த குடும்பங்களும் மோசடிக்காரர்களாகக் கருதப்பட்டு, பல ஆண்டுகள் பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டும்படி உத்தரவிடப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் மூழ்கின. ஏன் என்று கேட்டவர்களுக்கு அதிகாரிகளாலும் காரணம் சொல்ல முடியவில்லை. 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் ஒருவர் மறுத்தால் தாசில்தாரிடம் போகலாம். மனுநீதி நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். இயந்திரம் மறுத்தால், அதே அதிகாரி "சிஸ்டம் எடுக்கவில்லை அம்மா" என்று கையை விரிப்பார். இந்தப் பதிலை இப்போதே நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தமிழில் தருவதும், அதை மாற்றும் அதிகாரமுள்ள ஒருவரை அதே வட்டத்தில் வைப்பதும் கட்டாயமாக்கப்பட்டால் இயந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சிபாரிசு குறைவது நல்லதுதான்.

கேள்வி: உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் கண்ணால் பார்த்துக் கழித்ததை இப்போது கேமராவும் மென்பொருளும் செய்கின்றன. எட்டுப் பேர் செய்ததை மூவர் செய்கிறோம். ஷிப்ட் நேரம் மட்டும் குறையவில்லை. இயந்திரம் வந்தால் மனிதனுக்கு ஓய்வு கிடைக்கும் என்றார்களே?
— தொழிலாளி, ஸ்ரீபெரும்புதூர்

சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. நூறு ஆண்டுகளில் வாழ்க்கைத் தரம் நான்கு முதல் எட்டு மடங்கு உயரும், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதும் என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1930-இல் எழுதினார். அவர் குறித்த தவணை 2030-இல் முடிகிறது. வாழ்க்கைத் தரம் பற்றி அவர் போட்ட கணக்கு, பணக்கார நாடுகளைப் பொறுத்தவரை பலித்துவிட்டது. வேலை நேரம் பற்றிய கணக்கு எங்கும் பலிக்கவில்லை. கூடுதலாக விளைந்ததை ஓய்வாகப் பங்கிட வேண்டுமென்று எந்த ஏற்பாடும் இல்லாததால், அது இலாபமாகவும் கூடுதல் சரக்காகவும் போய்ச் சேர்ந்தது.

நம் மாநிலத்தில் காற்று எதிர்த்திசையில் அடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க வழி செய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்ததால் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

உங்கள் தொழிற்சாலையில் ஊதிய ஒப்பந்தம் அடுத்து எப்போது முடிகிறது என்று பாருங்கள். வழக்கமாகக் கோரிக்கைப் பட்டியலில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பேருந்து வசதி, கேன்டீன் என்றுதான் இருக்கும். இந்த முறை, கேமரா வந்த பிறகு சோதனைப் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஆள்மணி குறைந்தது என்பதை எழுதிக்கொண்டு போய், அதில் ஒரு பங்கை ஷிப்ட் நேரக் குறைப்பாகவோ கூடுதல் விடுப்பாகவோ தரும்படி ஒரு தனிக் கோரிக்கை வைக்கச் சொல்லுங்கள். பிரிவிலிருந்து மாற்றப்பட்ட ஐவருக்கும் எந்த வேலை, என்ன பயிற்சி, சம்பளம் குறையாதா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் சோதனைப் பிரிவில் இருந்தார்கள் என்றால் அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் அநேகமாக அவர்களாகத்தான் இருப்பார்கள்.